இரண்டைப் பத்தென்று எழுதியவன்

ஆரப்பாளையத்தில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்த சிவபாண்டி, பஸ் விளாங்குடி தாண்டுவதற்குள் தன்னைப் பற்றிய சேதியைத் தானே கேட்டுவிட்டான்.

முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் காலிச் சாக்குக் கட்டு. மற்றவர் வாயில் வெற்றிலை.

"பரவையில ஒரு பய கடலுக்கடியில காத்தாடியப் போட்டுக் கரண்டு எடுத்துட்டானாம்ல?"

"யாரு சொன்னா?"

"எங்க சகலை. அவருக்கு மில்லுல யாரோ சொன்னாகளாம். மார்க்கெட்டுல மூட்டை தூக்குற ஆண்டிச்சாமி இருக்காருல்ல, அவரு மகனாம். வெளிநாட்டுல இருந்து ஆளு வந்து இறங்கிருச்சாம், அலேக்காத் தூக்கிட்டுப் போறதுக்கு."

"அம்புட்டு ஆழத்துல எப்படிய்யா இறங்குனான்?"

"சப்மெரின்ல போயிருப்பான்."

"ஷாக் அடிக்காது?"

"அடிக்காம எடுக்கத்தானய்யா படிச்சிருக்கான். கேக்குறான் பாரு கேள்வி."

வேறொரு நாளாக இருந்தால் சிவபாண்டி சிரித்திருப்பான். "அண்ணே, அது நான்தான். கடலுக்குள்ள இறங்கல, கம்ப்யூட்டருக்குள்ளதான் இறங்குனேன்" என்று தோளைத் தட்டியிருப்பான். அன்றைக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் போனில் பதினோரு நாளாக ஒரு மெயில் கிடந்தது. ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் போடாமலேயே தன்னுடைய பாராட்டு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பரவை ஸ்டாப்பில் இறங்கியதும் எதிரிலேயே ஃபிளெக்ஸ். பதினைந்தடி உயரம். அவன் வாழ்நாளில் போட்டிராத நீலக் கோட்டு ஒன்றை ஃபிளெக்ஸ் கடைக்காரர் அவனுக்கு மாட்டிவிட்டிருந்தார். பின்னால் அலையடிக்கும் கடல். அதற்கு நடுவில், ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடிவாரத்தில் நிற்குமே, அந்த மாதிரி ஒரு பெரிய காற்றாலை. 'கடலையே கட்டி ஆண்ட எங்கள் சிவபாண்டி' என்று தலைப்பு. கீழே மஞ்சள் எழுத்தில் '56%'. அதற்கும் கீழே, பரவை மார்க்கெட் சுமைதூக்கும் தொழிலாளர்கள் என்று முப்பத்தேழு பேருடைய சின்னச் சின்னப் படங்கள்.

கோட்டைக்கூட மன்னித்துவிடலாம். ஐம்பத்தாறுதான் பொய்.

சிவபாண்டிக்கு முப்பத்து நாலு வயது. அவன் பாட்டனார் காலம்வரை அந்த வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். அப்பா ஆண்டிச்சாமி மார்க்கெட்டுக்கு வந்து வெங்காய மூட்டை தூக்கினார். சிவபாண்டி பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தான், பிறகு பாலிடெக்னிக், அங்கிருந்து நேராகப் பொறியியல் இரண்டாம் வருடம். கணக்கு அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. நாகமலைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார் வேலை கிடைத்தது. அங்கேயே சௌரிராஜன் சாரிடம் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தான். நாலு வரி இங்கிலீஷில் எழுதச் சொன்னால் மட்டும் அவனுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். பேனா பிடித்தால் முதல் வரியிலேயே எங்கோ தப்பு இருப்பதுபோலத் தோன்றும். அடித்துவிட்டு மறுபடி எழுதுவான்.

ஆராய்ச்சி இதுதான்: கடல் ஏறும்போதும் வற்றும்போதும் கழிமுகங்களில் தண்ணீர் வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தில் விசிறி மாதிரி ஒரு டர்பைனை நட்டால் கரண்ட் எடுக்கலாம். நிஜக் கடலில் நடுவதற்கு முன்னால், தண்ணீர் அதைச் சுற்றி எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். கடல் முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர முடியாது என்பதால் ஒரு பெட்டி வரைவார்கள். பெட்டிக்குள் விசிறி, மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணக்குப் போடுவார்கள். பெட்டி பெரிதாகப் பெரிதாகக் கட்டங்களும் கூடும், நாட்களும் கூடும்.

லேபில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் சிவபாண்டி. இன்னொருத்தி அலர்மேல்மங்கை. செல்லூர்க்காரி, சௌராஷ்டிரக் குடும்பம், அவனைவிட ஆறு வயது சின்னவள். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் தமிழ், கான்வென்ட்டில் இங்கிலீஷ் என்று மூன்றையும் தடுமாறாமல் பேசுவாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதியை அவன் பக்கம் தள்ளிவிட்டுத்தான் சாப்பிடுவாள். இரண்டு பேரும் வேறு வேறு வடிவ விசிறியை வைத்திருந்தால் தொல்லையே இல்லை. சௌரிராஜன் சார் இருவருக்கும் ஒரே விசிறியைக் கொடுத்தார். ஆளுக்கொரு முறையில் கணக்குப் போட்டு, கடைசியில் ஒத்துப் பார்க்கலாம் என்று.

அலர்மேல்மங்கை தன் பெட்டியை விசிறியின் அகலத்தைப் போலப் பத்து மடங்காக வைத்தாள். ஒரு தடவை ஓடி முடிக்க ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை நிறுத்திவைத்துத் திங்களன்று விட்ட இடத்திலிருந்து ஓட்டுவாள்; நடுவில் திடீரென்று கரண்ட் போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கணும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். சிவபாண்டிக்கு வாரம் பதினெட்டு வகுப்பு. கம்ப்யூட்டர் அவன் கைக்கு வருவது வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைவரை. அதற்குள் முடியணும் என்று பெட்டியை இரண்டே மடங்காகச் சுருக்கினான். அப்புறம் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான்.

சுருக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. அகலமான ரோட்டில் ஒருவன் குறுக்கே நின்றால் ஜனம் அவனைச் சுற்றிக்கொண்டு போகும். சந்தில் நின்றால் சுற்ற வழியில்லாமல் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் போகும். தண்ணீரும் அப்படித்தான். சுவர் நெருக்கமாக இருந்தால், விலகிப் போக வேண்டிய தண்ணீரெல்லாம் விசிறிக்குள் புகுந்து அதை வேகமாகச் சுற்றும். கடலில் அப்படிச் சுவர் கிடையாது.

தண்ணீரின் சக்தியில் விசிறி எடுப்பது எவ்வளவு என்று பார்த்தால், அவளுக்கு வந்தது நூற்றுக்கு நாற்பத்தொன்று. அவனுக்கு ஐம்பத்தாறு. ஓடுகிற தண்ணீரிடமிருந்து ஐம்பத்தொன்பதுக்கு மேல் பிடுங்க முடியாது என்று ஒரு பழைய கணக்கு உண்டு. அவனுடையது அறுபதைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பான். தாண்டவில்லை.

ஆராய்ச்சிப் பேப்பர் எழுத உட்கார்ந்தபோது, எப்படிச் செய்தோம் என்ற பத்தியிலேயே மூன்று நாள் சிக்கிக்கொண்டான். அலர்மேல்மங்கை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணா, இதுக்குப் போயா மூணு நாளு? நான் எழுதி வெச்சதை அப்படியே எடுத்துக்கோங்க. நம்பரை மட்டும் உங்களோடதா மாத்திருங்க."

எடுத்துக்கொண்டான். தண்ணீரின் வேகத்தை மாற்றினான். கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினான். பெட்டியின் அகலம் 'பத்து' என்று அவள் எழுதியிருந்ததை மாற்றவில்லை. அது அன்றைக்குக் கவனக்குறைவுதான். அதைச் சத்தியம் செய்தே சொல்வான்.

ஆனால் ஒரு வாரம் கழித்து அவள் வந்து நின்றாள். "அண்ணா, எனக்கு ஏன் நாப்பத்தொண்ணே வருதுன்னு புரியல. உங்க பெட்டி எவ்வளவு அகலம் வெச்சீங்க?"

"நீ குடுத்த பத்தியில இருக்கதுதாம்மா" என்றான்.

வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட நேரமிருந்தது. அவள் "சரிண்ணா" என்று போய்விட்டாள். போய், தன் கணக்கில் எங்கே பிசகு என்று நாலு மாதம் தேடினாள். பெட்டியைப் பிரித்து மறுபடி வரைந்தாள். கட்டங்களைப் பொடியாக்கினாள். ஒன்பது ஒன்பது நாளாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் நாற்பத்தொன்று. இடையில் தன்னுடைய சனி, ஞாயிறையும் அவளுக்கு விட்டுக்கொடுத்தான் சிவபாண்டி. "எம்புட்டு நல்ல மனசுண்ணா உங்களுக்கு" என்று அவன் பேச்சுப்போலவே பேசிக் காட்டினாள். அது அவன் காதில் இன்னும் இருக்கிறது.

சௌரிராஜன் சாரும் சௌராஷ்டிரர்தான். தன் ஆள் என்று சலுகை காட்டினார் எனப் பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. அதனால் அலர்மேல்மங்கையிடம் மற்றவர்களைவிட இரண்டு பங்கு கறாராக இருப்பார். ஒருநாள் லேப் வாசலில் அவளை நிறுத்தி அவர்கள் பாஷையிலேயே திட்டினார். உள்ளே இருந்த சிவபாண்டிக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நடுவில் தன் பெயர் இரண்டு தடவை வந்தது மட்டும் விளங்கியது. அவளுடைய பதில் குரல் முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவன் எழுந்து கதவுவரை போனான். கதவிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அடுத்த மாதம் அவள் வந்து அலமாரிச் சாவியைக் கொடுத்தாள்.

"வீட்டுல போதும்னுட்டாங்க அண்ணா. எனக்கும் இது வராது போல."

"என்ன இப்படிச் சொல்ற."

"வரலைல்ல? நீங்க பண்ணது ஒரே தடவையில வந்துச்சு."

இப்போது செல்லூரில் ஒரு பேங்க் தேர்வு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறாள். ஒரு தடவை அவளை ஆரப்பாளையம் ஸ்டாண்டில் பார்த்தான். அவள் பார்ப்பதற்குள் வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். "எத்தனைண்ணே?" என்று வண்டிக்காரர் கேட்க, வேண்டாத பழத்தை ஒரு சீப்பு வாங்கினான்.

பேப்பர் வெளிவருவதற்கு முன்னால் கடைசியாகச் சரிபார்க்கச் சொல்லி ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து அவனுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது அட்டவணை, மூன்றாவது வரி: பெட்டியின் அகலம் பத்து. அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். இரண்டு என்று மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. சார் ஏற்கெனவே டிபார்ட்மெண்ட் முழுக்க ஸ்வீட் கொடுத்தாகிவிட்டது. 'எல்லாம் சரி' என்ற பொத்தானை அமுக்கினான். முதல் தடவை கவனக்குறைவு என்று சொல்ல முடிந்த மனசுக்கு, இந்தத் தடவைக்குச் சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை.

பேப்பருக்கு ஒரு விருதும் வந்தது. விருதைப் பற்றிச் செய்தித்தாளில் நாலு வரி வந்தது. நாலு வரி பரவை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்து சப்மெரினாக வளர்ந்தது.

அப்புறம் அந்த மெயில். எங்கோ குளிர் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் அதே விசிறியைச் சின்னதாகச் செய்து, நீளமான தண்ணீர்த் தொட்டியில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாற்பது, நாற்பத்திரண்டுதான் வருகிறது. கோபமே இல்லாத, மரியாதையான மெயில். பெட்டியின் அகலம் பத்து என்று போட்டிருக்கிறீர்கள், அது சரிதானா என்று கேட்டிருந்தார்கள்.

கல்லூரியில் இப்போது புது கம்ப்யூட்டர் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் பெட்டியைப் பத்து மடங்காக்கி ஓடவிட்டான். ஐந்து நாளில் முடிந்தது. நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை சௌரிராஜன் சார் கூப்பிட்டார். "என்னய்யா, அந்த மெயிலுக்கு இன்னும் பதில் போடலையா? பத்தான்னு கேக்குறான், பத்துன்னு போட வேண்டியதுதான?"

"போட்டுர்றேன் சார்."

"அடுத்த மாசம் உனக்கு வைவா. அதுக்குள்ள இந்த மாதிரி வாலெல்லாம் இருக்கக் கூடாது."

அவருக்கு எதுவும் தெரியாது. சொல்ல அது நல்ல நேரம். சிவபாண்டி தலையாட்டிவிட்டு வந்தான். பத்து என்று ஒரு வார்த்தை எழுதினால் டாக்டர் பட்டம். இரண்டு என்று எழுதினால் பேப்பர் போகும், பட்டம் சந்தேகம், வேலையும் சந்தேகம். பத்து என்று எழுதினால் அலர்மேல்மங்கையின் நாற்பத்தொன்று என்றைக்கும் தப்பாகவே கிடக்கும். ஸ்டாஃப் ரூமில் என்ன பேசுவார்கள் என்பதையும் அவன் முன்கூட்டியே கேட்டுவிட்டான். 'இவங்களை எல்லாம் கொண்டாந்து உக்கார வெச்சா இப்படித்தான்.' அந்தக் குரலை அவன் கற்பனை செய்யத் தேவையே இல்லை. வேறு ஆட்களைப் பற்றி அவன் காதுபடவே பேசியிருக்கிறார்கள். ஆனாலும் பதினோரு நாளாக அந்தப் பயத்தை முன்னால் நிறுத்திவிட்டு அதற்குப் பின்னால் தான் சௌகரியமாக உட்கார்ந்திருப்பதும் அவனுக்குத் தெரிந்தது.

மார்க்கெட் ஷெட்டில் நாலு மணிக்கு விழா. வியாபாரம் முடிந்து தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்படியும் வெங்காயச் சருகு காலில் ஒட்டியது. தக்காளிப் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டு மேடை. சங்கத் தலைவர் சிவனாண்டி மைக்கைப் பிடித்தார்.

"கடல்ல கரண்டு எடுத்த தம்பி, நம்ம தெருவுல ரெண்டு லைட்டு எரியலன்னு முனியாயி அக்கா மனு குடுத்திருக்கு. மொதல்ல அதைப் பாருய்யா!"

"ரெண்டு இல்ல, மூணு!" என்று கீழேயிருந்து முனியாயி கத்தினாள்.

பொன்னாடை மேல் பொன்னாடையாகப் போட்டார்கள். பிறகு ஆண்டிச்சாமியைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, மார்க்கெட்டில் விலை கூவுகிற குரலில் பேசினார்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஒண்ணு சொல்றேன். இவன் பத்தாப்பு பரிச்சை எழுதையில, முன்னால இருந்த பய தாளைத் திருப்பிக் காட்டியிருக்கான். இவன் பாக்கல. வாத்தியாரே வந்து எங்கிட்டச் சொன்னாரு. ஒருத்தர் எழுதுனதப் பாத்து எழுதுற புத்தி எம்மவனுக்கு இல்ல. அம்புட்டுதேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. சிவபாண்டிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. மைக்கை அவன் கையில் திணித்தார்கள். சொல்லிவிடலாம் என்று நினைத்தான். இங்கேயே, இந்த முப்பத்தேழு பேர் முன்னால்.

"எல்லாருக்கும் நன்றி. இது... நான் தனியாச் செஞ்சதில்ல. என்கூட ஒரு பொண்ணு வேலை பாத்துச்சு. அலர்மேல்மங்கைன்னு பேரு. அதுக்கு நான்..."

"ஓஹோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான். ஷெட் முழுக்க விசில் பறந்தது.

"மாப்ள, சொல்லவே இல்ல!" என்றான் கூடப் படித்த சின்னக்கருப்பன்.

"கடலுக்குள்ள இதுவேற ஓடியிருக்கா?"

சிவனாண்டி மைக்கைப் பறித்தார். "தம்பி, அந்த மேட்டரை அப்பாகிட்டத் தனியாப் பேசிக்குவோம். இப்ப எல்லாரும் கேசரி சாப்பிடுங்க!"

கூட்டம் சிரித்தது. ஆண்டிச்சாமி வெட்கப்பட்டுக்கொண்டே சிரித்தார். அதைப் பார்த்துச் சிவபாண்டியும் பல் தெரியச் சிரித்துவிட்டான். இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், மாலையோடு நின்று சிரித்தான். எதிரே நாலைந்து பேர் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சின்னக்கருப்பன் அதைக் குரூப்பில் போட்டு, நாலு சிவப்பு இதயத்தையும் ஒட்டியிருந்தான்.

"டேய், அதை அழிடா."

"அட, மதுரை பூராப் போயிருச்சு மாப்ள. கூச்சப்படாத."

அவளுடைய நாற்பத்தொன்றைத் தின்றாகிவிட்டது. இப்போது அவள் பெயரையும் விசிலடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் போட்டாகிவிட்டது. செல்லூர்ச் சந்துகளில் அந்த வீடியோ இன்றைக்கே போய்ச் சேரும். சேர்ந்தால் யாரிடம் அவள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்?

பொன்னாடைகளைக் கழற்றிப் பலகைமேல் வைத்துவிட்டு, கோஸ் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போனான். மெயிலைத் திறந்தான். பத்தி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தனக்கு வந்த இங்கிலீஷில் எழுதினான். அகலம் பத்து இல்லை, இரண்டு. அட்டவணை தப்பு, தப்பென்று தெரிந்தே விட்டேன். சரியான விடை நாற்பத்தொன்று. அதை எனக்கு முன்னால் கண்டது அலர்மேல்மங்கை. தப்பு அவளுடையது என்று எல்லோரும் நினைக்கும்படி நான்தான் பொய் சொன்னேன். நகல் சௌரிராஜன் சாருக்கு. இலக்கணம் சரியா என்று பார்க்காமல் அனுப்பினான். அனுப்பிய பிறகும் நெஞ்சு லேசாகவில்லை.

இரண்டு வருஷமாகக் கூப்பிடாத அவளுடைய நம்பர். அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று யோசித்தான். "நான் சிவபாண்டி பேசுறேன்" என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. மணி நின்றது. மறுபடி அழுத்தினான்.

நடுவில் சௌரிராஜன் சாருடைய அழைப்பு குறுக்கே வந்து திரையில் மின்னியது. அவன் அதைத் தொடவில்லை. அது தானாக அடங்கியது.

கையில் கேசரித் தட்டோடு ஆண்டிச்சாமி மூட்டைகளுக்கு நடுவில் வந்து நின்றார். மகன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

"யாருய்யா? அந்தப் பிள்ளையா?"

"ஆமாய்யா."

"எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு? சண்டையா?"

"அய்யா, நீங்க நெனைக்கிறது இல்ல. அது எழுதுனதப் பாத்துத்தான் நான் எழுதுனேன். எழுதிட்டு, அது தப்புன்னு ஆக்கிட்டேன்."

ஆண்டிச்சாமிக்கு முழுசாக விளங்கியதா என்று தெரியவில்லை. தட்டை எங்கே வைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தார். வைக்க இடம் இருந்தும் கையிலேயே வைத்துக்கொண்டார். மகன் முகத்தை அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை.

"எடுக்கலையா?" என்று கேட்டார், கோஸ் மூட்டையைப் பார்த்துக்கொண்டே.

"மணி போகுதுய்யா."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டான். மணி போய்க்கொண்டிருந்தது.